கடலோவியர் ஸ்டான்ஃபீல்டும் வகுப்பறையில் சொல்லப்படும் வாழ்க்கை வரலாறுகளும்



நன்னெறிக் கல்விப் பாடத்திலும் கட்டுரைப் பயிற்சியிலும் சான்றோர்களின் வாழ்க்கை வரலாறுகள் மாணவர்களுக்குச் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கென்று ஓர் அச்சு உண்டு. வறுமையில் பிறந்தார், துன்பங்களைக் கண்டு துவளவில்லை, அயராது உழைத்தார், உயர்ந்தார், ஆகவே மாணவர்களே, நீங்களும் உழையுங்கள். பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிவிட்டால் இவ்வரலாறு யாருக்கும் பொருந்தும். நான்காம் ஆண்டில் பயிலும் பிள்ளைகூட முதல் இரண்டு வரிகளைக் கேட்டவுடன் கடைசி வரியைச் சொல்லிவிடும். முடிவு தெரிந்த கதையைப் பிள்ளைகள் எத்துணை ஆர்வத்தோடு கேட்பார்கள் என்பதை வகுப்பில் நிற்கும் நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அச்சுக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி இங்கு எழுத விழைகின்றேன். அவர் பெயர் கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடலைத் தீட்டுவதில் பெரும்புகழ் பெற்ற ஓவியர். அதற்கு முன்பு போர்க்காலக் கடற்படையில் ஒரு மாலுமி.

நாமறிந்த அச்சில் வார்த்தால் அவர் வரலாறு இப்படி வரும்: "1793ஆம் ஆண்டு திசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். நெப்போலியனுடன் நடந்த போரின்போது கடற்படையில் சேர்ந்து நாட்டுக்குத் தொண்டாற்றினார். பின்னர் ஓவியத்துறையில் முயன்று 1835இல் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். டிராஃபல்கர் கடற்போரை ஓவியமாக்கிப் புகழ்பெற்றார். 1867இல் மறைந்தார்." ஆண்டுகள் யாவும் சரி. பொய் இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். அவர் கடற்படையில் 'சேரவில்லை'. பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

இதைச் சொல்லத் தொடங்கினால் அவருடைய தந்தையிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தந்தை ஜேம்ஸ் ஃபீல்டு ஸ்டான்ஃபீல்டு அயர்லாந்துக்காரர், நாடக நடிகர். நடிகராவதற்கு முன் கப்பல் தொழிலாளியாக இருந்தவர். 1770களில் லிவர்பூலிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்று அங்கிருந்து மனிதர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு அமெரிக்காவை நோக்கிப் பாய்விரித்த கப்பல் ஒன்றில் அவர் வேலை செய்தார். அப்பயணத்தில் அவரோடு சென்ற மாலுமிகளுள் மிகச் சிலரே உயிருடன் ஊர் திரும்பினர். சங்கிலியில் கிடந்தவர்களின் துயரத்தையும், மதுவாலும் கடனாலும் வளைத்துப் பிடிக்கப்பட்டு அக்கப்பல்களுக்குத் தள்ளப்பட்ட ஏழை மாலுமிகளின் துயரத்தையும் அவர் நேரில் கண்டார். பிற்காலத்தில் அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட தாமஸ் கிளார்க்சன் என்பாருக்கு எழுதிய மடல்களாக அதையெல்லாம் தொகுத்து 1788இல் வெளியிட்டார். மறு ஆண்டு அதே பொருளில் நெடும்பாடல் ஒன்றும் இயற்றினார். பெரும்பாலும் கப்பல் தலைவர்களும் மருத்துவர்களும் வணிகர்களுமே சாட்சி சொன்ன காலத்தில், கப்பலின் அடித்தளத்தில் உழைத்த மாலுமி ஒருவர் எழுதிய சாட்சியம் அது.

ஐந்து ஆண்டுகள் கழித்து மகன் பிறந்தான். அடிமை வாணிகத்தை எதிர்த்த அந்தப் பெரியவரின் பெயரையே மகனுக்குச் சூட்டினார். கிளார்க்சன் என்னும் பெயர் அவ்வாறு வந்தது.

தாயார் மேரி ஹோடு நடிகை. ஓவியமும் தெரிந்தவர் என்பர். 1801இல் அவர் இறந்தபோது மகனுக்கு ஏழு அகவை. 1806இல் அச்சிறுவனை எடின்பரோ நகரில் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். அங்கே வேலை என்ன தெரியுமா? செல்வர்களின் குதிரை வண்டிக் கதவுகளில் அவரவர் குடும்பச் சின்னங்களைத் தீட்டுவது. சிங்கம், கேடயம், கொடி என்று வண்டிக்கு வண்டி ஒரே மாதிரியான படங்கள். கையில் தூரிகை பிடிப்பதற்கும், வளைந்த பலகையில் கோடு பிசகாமல் இழுப்பதற்கும், வண்ணம் காயும் நேரத்தை அறிவதற்கும் அதைவிட நல்ல பயிற்சி ஏது? ஆனால் அதைக் 'கலை' என்று அன்றும் யாரும் மதித்ததில்லை.

ஈராண்டில் அவ்வேலையை விட்டு வணிகக் கப்பலுக்குப் போனான் பையன். ஆண்டு 1808. இங்கிலாந்து நெப்போலியனோடு போரிட்டுக்கொண்டிருந்த காலம். கடற்படைக்கு ஒரு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். அடிக்கும் உதைக்கும் அரைகுறைச் சம்பளத்துக்கும் அஞ்சி, விரும்பிச் சேர்வோர் போதவில்லை. எனவே கடல் தொழில் தெரிந்தவர்களைத் துறைமுகத் தெருக்களிலும் திரும்பி வரும் வணிகக் கப்பல்களிலும் மறித்துப் பிடித்துச் செல்ல ஆள்பிடிப்புக் குழுக்கள் இருந்தன. அது திருட்டுத்தனமாக நடந்ததன்று. சட்டத்தின் துணையோடு நடந்தது. அவ்வாறு பிடிபட்டவர்களுள் கிளார்க்சனும் ஒருவன். பதினைந்து அகவையை எட்டிக்கொண்டிருந்தான்.

ஆண்டுகளைச் சற்று ஒப்புநோக்குங்கள். பிரிட்டிசு நாடாளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது 1807இல். அதற்காகப் போராடியவரின் பெயரைத் தாங்கிய பையன், அவனைக் கேளாமலேயே போர்க்கப்பலில் ஏற்றப்பட்டது 1808இல்.

இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. பிடிக்கப்பட்ட மாலுமிக்குச் சம்பளம் உண்டு. போர் முடிந்தால் விடுதலை உண்டு. அவன் பிள்ளைகள் யாருக்கும் உடைமையாவதில்லை. அடிமைப்பட்டவருக்கு இவற்றுள் எதுவுமில்லை. வகுப்பில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், தந்தை எந்தக் கொடுமையைக் கண்டு நூல் எழுதினாரோ அதன் நிழல் மகன்மேலும் விழுந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

அவன் போய்ச் சேர்ந்த கப்பலின் பெயர் நாமூர். 1756இல் வெள்ளோட்டம் விடப்பட்ட பழைய கப்பல். தொண்ணூறு பீரங்கிகளோடு பிறந்து, பின்னர் மேல்தளம் வெட்டப்பட்டு எழுபத்து நான்கு பீரங்கிக் கப்பலாகச் சுருங்கியது. டிராஃபல்கர் போருக்கு இரண்டு வாரம் கழித்து, அப்போரிலிருந்து தப்பிய நான்கு பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்த சண்டையில் இதுவும் பங்கெடுத்தது. கிளார்க்சன் ஏறிய காலத்தில் தேம்ஸ் ஆறு கடலோடு கலக்குமிடத்துக்கு அருகே, ஷீர்னஸ் துறையில் நங்கூரமிட்ட காவற்கப்பலாக நின்றது. பிடித்துவரப்பட்ட ஆட்களை அடைத்துவைத்து மற்றப் போர்க்கப்பல்களுக்குப் பிரித்தனுப்புவது அதன் முதன்மையான வேலைகளுள் ஒன்று. ஆகவே நம் 'போர்க்கால மாலுமி' இக்கப்பலில் இருந்த காலத்தில் அது எந்தப் போருக்கும் செல்லவில்லை. அன்றாடம் வந்து போகும் கப்பல்களையும், அவற்றில் அழுதுகொண்டோ வெறித்துப் பார்த்துக்கொண்டோ ஏறி இறங்கும் மனிதர்களையும், சேற்று நிறத்துக் கழிமுக நீரையும் ஏறக்குறைய ஆறாண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே நாமூரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1758இலும் 1759இலும், இக்கப்பல் போருக்குச் சென்றபோது அதில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் இருந்தான். கடற்படை அதிகாரி ஒருவரின் அடிமை அவன். பிற்காலத்தில் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கி, தன் வாழ்க்கையைத் தானே எழுதி 1789இல் வெளியிட்ட ஒலாடா எக்வியானோ அவன்தான். அடிமை வாணிகத்துக்கு எதிரான போராட்டத்தில் பெரிதும் படிக்கப்பட்ட நூல் அது. கிளார்க்சனின் தந்தை தம் நெடும்பாடலை வெளியிட்டதும் அதே 1789ஆம் ஆண்டில்தான். நாமூரின் தளத்தில் கூட்டிப் பெருக்கிய பையனுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றே தோன்றுகிறது.

நங்கூரமிட்ட கப்பலில் பொழுது போக வேண்டுமே! 1811 முதல் 1814 வரை நாமூரின் தலைவராக இருந்தவர் சார்லஸ் ஆஸ்டின். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. அவர் காலத்தில் கப்பலிலேயே நாடகங்கள் நடந்தன. நாடகமென்றால் பின்னணித் திரை வேண்டும். குதிரை வண்டியில் சின்னம் தீட்டிய மாலுமி ஒருவன் இருக்கிறான் என்பது தெரிந்தது. தூரிகை அவன் கைக்குத் திரும்பி வந்தது. அந்நாடகங்களில் ஈடுபட்டவர்களுள் 1813இன் இறுதியில் வந்து சேர்ந்த பத்து அகவைச் சிறுவன் ஒருவனும் உண்டு. அதிகாரிப் பயிற்சிக்காக வந்த அவன் பெயர் டக்ளஸ் ஜெரால்டு. இவ்விருவரும் பின்னாளில் மீண்டும் சந்திக்கப் போகிறார்கள்.

என் கருத்தில் ஸ்டான்ஃபீல்டின் வாழ்க்கையில் மிக முக்கியமான இடம் இதுதான். பழைய போர்க்கப்பல் ஒன்றின் தளத்தில், சம்பளமில்லாத ஒரு வேலைக்காக, பாய்த்துணி போன்ற ஏதோ ஒன்றின்மீது வண்ணம் பூசியது. யாரும் அவரை 'ஓவியராக்க' நினைக்கவில்லை. நாடகத்துக்குத் திரை வேண்டியிருந்தது, அவருக்குத் தெரிந்திருந்தது, அனுமதிக்க ஒரு தலைவர் இருந்தார்.

நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை கலைநிகழ்ச்சியோ பரிசளிப்பு விழாவோ நடக்கிறது. மேடைக்குப் பின்னால் திரை தொங்குகிறது. அதை அச்சகத்தில் கொடுத்துப் பிளாஸ்டிக் பதாகையாக அடித்து வாங்கிவிடுகிறார்கள். பார்ப்பதற்குப் பளபளப்பாக இருக்கிறது, வேலையும் மிச்சம். ஆனால் ஐந்தாம் ஆண்டில் கடைசி வரிசையில் அமர்ந்து கணிதப் பயிற்றியின் ஓரத்தில் மீனும் படகும் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தத் திரையில் இடமில்லாமல் போகிறது. அப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது ஓவியப் போட்டியின் ஆறுதல் பரிசு மட்டுந்தானா? பத்தடித் துணியைத் தரையில் விரித்து, வாளியில் வண்ணம் கலக்கி, "வெள்ளிக்கிழமைக்குள் இதில் ஒரு கடற்கரை வேண்டும்" என்று ஒப்படைத்துப் பார்த்தால் தெரியும். பொறுப்பு, காலக்கெடு, கூட்டு முயற்சி என்று நாம் பட்டியலிட்டுக் கற்பிக்கும் விழுமியங்கள் யாவும் அந்த வாளிக்குள் இருக்கின்றன.

1814இல் உடல்நலக் காரணத்தால் ஸ்டான்ஃபீல்டு கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினியின் வாணிகத்துக்காகச் சென்ற வார்லி என்னும் கப்பலில் சீனாவுக்குப் போய்வந்தார். திரும்பும்போது கைநிறையக் கோட்டோவியங்கள் இருந்தன. 1816இல் இலண்டன் துறைமுகப் பகுதியில் மாலுமிகள் பெரிதும் செல்லும் ராயல்டி நாடகக் கொட்டகையில் காட்சித்திரை தீட்டும் வேலை கிடைத்தது. 1823இல் டுரூரி லேன் என்னும் பேரரங்குக்கு உயர்ந்தார்.

திரைத் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. நாடகத் திரைக்கு எண்ணெய் வண்ணம் பயன்படாது. வண்ணப் பொடியைப் பசைநீரில் குழைத்துச் சூட்டோடு பூசுவார்கள். ஈரமாக இருக்கையில் ஒரு நிறம். காய்ந்தபின் வெளிறி வேறொரு நிறம். காய்ந்தால் எப்படித் தெரியும் என்பதை மனத்தில் கண்டுகொண்டே பூச வேண்டும். முப்பது நாற்பதடி அகலத்துணியில், நீண்ட கழியில் கட்டிய தூரிகையால், தோளிலிருந்து கையை வீசித் தீட்ட வேண்டும். கிட்டத்தில் நின்று பார்த்தால் வெறும் திட்டுகள். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது அலையாகத் தெரிய வேண்டும். கிறித்துமசுக் கால நாடகங்களில் ஸ்டான்ஃபீல்டு இன்னொரு வித்தையும் செய்தார். மிக நீண்ட துணியில் தொடர்ச்சியாகக் காட்சிகளைத் தீட்டி, இரு பெரும் உருளைகளில் சுற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல ஓடவிடுவார்கள். கடலோரமாகக் கப்பலில் செல்வது போன்ற உணர்வு பார்ப்போருக்கு உண்டாகும். திரைப்படம் தோன்றுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இலண்டன் மக்கள் திரையில் பயணம் போனார்கள். கப்பலின் கயிறுகள் எங்கே கட்டப்படும், காற்று எந்தப்பக்கம் அடித்தால் பாய் எப்படிப் புடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவம், அத்திரைகளின் வாழ்நாள்தான் குறைவு. பருவம் முடிந்ததும் மேலே வேறு காட்சியைப் பூசிவிடுவார்கள்.

டுரூரி லேனில் அவரோடு சேர்ந்து திரை தீட்டியவர் டேவிட் ராபர்ட்ஸ். செருப்புத் தொழிலாளியின் மகன். வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலில் பழகியவர். எகிப்தையும் பாலத்தீனத்தையும் வரைந்து பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்றவர் இவரே. வண்டிக் கதவு தீட்டியவரும் சுவர் பூசியவரும் ஒரே கொட்டகையில் நின்று வேலை செய்து, இருவருமே அரச கலைக்கழக உறுப்பினர்களாயினர். "ஓவியம் சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு நான் இதைச் சான்றாகக் காட்டப் போவதில்லை. எல்லாருக்கும் போடாது. அது உண்மை. அக்கேள்விக்கு உரிய விடை வேறு: அவ்விருவருக்கும் முதலில் சோறு போட்டது 'ஓவியம்' அன்று, வண்டியும் சுவரும் திரையும். கைத்தொழிலைக் கீழாகவும் கலையை மேலாகவும், இரண்டையும் படிப்புக்குக் கீழாகவும் அடுக்கி வைத்திருக்கிறோமே, அந்த அடுக்கைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. தேர்வு போனால் காட்சிக்கலைக் கல்விப் பாடவேளை தன் இடத்தைத் திரும்பப் பெறும் என்று பலர் எதிர்பார்த்தோம். கணிதமும் அறிவியலும் அந்தப் பாடவேளையைக் கடன் கேட்பது மட்டும் நின்றபாடில்லை. வாங்கிய கடனைத் திருப்பித் தந்த வரலாறும் இல்லை!

அரங்கில் வேலை செய்துகொண்டே ஸ்டான்ஃபீல்டு எண்ணெய் வண்ண ஓவியங்களையும் தீட்டி வந்தார். மன்னர் நான்காம் வில்லியம், தாமே கடற்படையில் இருந்தவர், புதிய இலண்டன் பாலத்தின் திறப்பு விழாவைத் தீட்டித்தரச் சொன்னார். 1834இன் இறுதியில் அரங்கப் பணியை விட்டார். ஜான் ரஸ்கின் என்னும் திறனாய்வாளர், கடலையும் கப்பலையும் பற்றிய அறிவில் ஸ்டான்ஃபீல்டைப் பெரிதும் மதித்து எழுதினார்; ஆனால் அவ்வறிவின் அளவுக்கு நெஞ்சை உலுக்கும் தன்மை அவர் படங்களில் இல்லை என்று குறையும் சொன்னார். பெரும்பாலான படங்களைப் பொறுத்தவரை ரஸ்கின் சொன்னது சரியென்றே எனக்குப் படுகிறது. டர்னரின் கடலைப் பார்த்தால் மூழ்கிவிடுவோமோ என்று தோன்றும். ஸ்டான்ஃபீல்டின் கடலில் ஏறிப் பயணம் போகலாம்.

1836இல் காட்சிக்கு வந்த 'டிராஃபல்கர் போர்' என்னும் பேரோவியத்தை எடுத்துக்கொள்வோம். தரைப்படை, கடற்படை உயரதிகாரிகளின் சங்கமொன்று தன் இலண்டன் மாளிகைக்காகக் கேட்டு வாங்கியது. முறிந்த பாய்மரங்கள், புகை, நெருங்கி மோதும் கப்பல்கள், நீரில் தத்தளிக்கும் மனிதர்கள் என்று எல்லாமே அதில் உண்டு. அப்போர் நடந்த 1805இல் ஓவியருக்குப் பதினோர் அகவை. அவர் அதைக் கண்டதில்லை. அவர் கண்ட கடற்படை, ஆள்பிடித்து அடைத்துவைத்த கப்பல். பின்னர் அதே கடற்படையின் உயரதிகாரிகள் உணவருந்திய மாளிகையில் அவருடைய வெற்றி ஓவியம் தொங்கியது. பிடித்துச் சென்றவர்களின் பெருமையை, பிடிபட்டவர் தீட்டினார்!

இது அடிமைப் புத்தியா, மன்னிப்பா, பிழைப்பா, அல்லது உடன் உழைத்த எளிய மாலுமிகள்மேல் கொண்ட பற்றா? என்னிடம் ஒற்றை விடை இல்லை. ஆனால் பதினோர் அகவைப் பிள்ளைகளிடம் இக்கேள்வியைக் கேட்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன். "உன்னை விருப்பமில்லாமல் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அதே இடத்தைப் பற்றி ஓர் அழகான படம் வரைந்துகொடு என்று பணம் தந்தார்கள். வரைவாயா? என்ன வரைவாய்?" இதற்கு வரும் விடைகள் 'விடாமுயற்சி' என்ற ஆறெழுத்துச் சொல்லில் முடியாது.

டிராஃபல்கர் படத்தைவிட எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது 1853இல் அவர் தீட்டியது. போரில் சிதைந்த விக்டரி கப்பலை, நெல்சனின் உடலோடு, ஜிப்ரால்டர் துறைக்கு இழுத்து வருகிறார்கள். வெற்றி பெற்ற கப்பல் தானாக நகர இயலாமல் வருகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு படத்தின் பெயரே 'கைவிடப்பட்டது'. ஆட்கள் எவருமற்று அலையில் மிதக்கும் கப்பல். கொடியுமில்லை, வீரனுமில்லை. அவருக்கு அறுபத்திரண்டு அகவை அப்போது. ரஸ்கின் சொன்ன குறைக்கு இவ்விரண்டு படங்களும் விலக்கு என்பேன்.

நாமூர்க் கப்பலில் பார்த்த சிறுவன் ஜெரால்டு என்னவானான்? போர் முடிந்ததும் கடற்படையை விட்டு, அச்சகத்தில் எழுத்துக்கோத்து, பின்னர் நாடகாசிரியனானான். 1829இல் அரங்கேறி இலண்டனையே கட்டிப்போட்ட அவனுடைய நாடகத்தின் நாயகன் ஓர் எளிய மாலுமி. தன் மனைவியிடம் தவறாக நடந்த மேலதிகாரியை அடித்த குற்றத்துக்காகக் கடற்படை நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கிறது. கடைசி நொடியில் தப்புகிறான். கப்பலில் பிரிந்த இருவரும் பல்லாண்டு கழித்து டுரூரி லேன் மேடையில் சந்தித்துக்கொண்டனர். அங்கே ஒருவர் நாடகாசிரியர். மற்றவர் திரை ஓவியர்.

இருவருக்கும் பொதுநண்பர் சார்லஸ் டிக்கன்ஸ். நாவலாசிரியரான அவருக்கு நாடகப் பித்து. தம் வீட்டிலேயே மேடை கட்டி நண்பர்களோடு நடிப்பார். அரங்கப் பணியை விட்டு இருபது ஆண்டுகளாகியும், கலைக்கழக உறுப்பினர் என்ற மதிப்பு இருந்தும், டிக்கன்சின் வீட்டு நாடகத்துக்கு ஸ்டான்ஃபீல்டு மீண்டும் திரை தீட்ட வந்தார். 1855இல் கலங்கரை விளக்கம் பற்றிய நாடகத்துக்கு அவர் தீட்டிய திரையை டிக்கன்ஸ் தம் வீட்டில் மாட்டிவைத்திருந்தார். அவர் மறைவுக்குப்பின் அது பெருந்தொகைக்கு விலைபோயிற்று. பருவத்துக்கொரு முறை மேலே வண்ணம் பூசி அழிக்கப்படும் துணி!

1857 தொடக்கத்தில் வட துருவப் பயணம் பற்றிய நாடகம் ஒன்று. அதற்கும் ஸ்டான்ஃபீல்டின் திரைகள். அவ்வாண்டு சூன் மாதம் ஜெரால்டு காலமானார். அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட டிக்கன்ஸ் அதே நாடகத்தைப் பொதுமக்கள்முன் மீண்டும் மேடையேற்றினார்; இலண்டனிலும் பிறகு மான்செஸ்டரிலும் நடந்தது. நாமூர்க் கப்பலில் எந்தச் சிறுவனின் நாடகத்துக்குத் திரை தீட்டினாரோ, அவனுடைய குடும்பத்துக்காக நாற்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து அவருடைய திரை மேடையில் தொங்கியது. அதே ஆண்டு நூலாக வந்த தம் நாவல் ஒன்றை டிக்கன்ஸ் ஸ்டான்ஃபீல்டுக்குக் காணிக்கையாக்கினார்.

தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒன்று மீதமிருக்கிறது. நடிகரும் முன்னாள் மாலுமியுமான அந்த ஜேம்ஸ் ஸ்டான்ஃபீல்டு 1813இல் இன்னொரு நூலையும் வெளியிட்டார். ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எப்படி ஆராய்வது, எப்படி எழுதுவது என்பதே அதன் பொருள். வாழ்க்கை வரலாறு எழுதும் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் முழுநூலென்று அதைக் கருதுவர். சண்டர்லாந்தில் அந்நூல் அச்சேறிய ஆண்டில் மகன் ஷீர்னஸ் துறையில் நாமூரின் தளத்தில் இருந்தான்.

வாழ்க்கை வரலாறு கற்பிக்கும் நாம், இந்த ஓவியரைப் பாடமாக எடுத்தால் எங்கே தொடங்கலாம்? பிறந்த ஆண்டில் தொடங்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. நாமூரின் தளத்திலிருந்து தொடங்கலாம். யார் இவனை இங்கே கொண்டுவந்தது, இவனுக்கு இப்பெயரை வைத்தது யார், ஏன், இவன் கையில் தூரிகையைக் கொடுத்தது யார் என்று பின்னோக்கியும் முன்னோக்கியும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே போவார்கள். உலகப்படத்தில் சண்டர்லாந்து, எடின்பரோ, ஷீர்னஸ், லிவர்பூல், மேற்கு ஆப்பிரிக்கா, சீனா ஆகியவற்றைக் குறித்துக் கோடிட்டால் வரலாற்றுப் பாடமும் அதிலேயே வந்துவிடும். ஆறாம் ஆண்டினர் 'நான் ஒரு கப்பல்' என்று தன்கதை எழுதலாம். மனப்பாடம் செய்த முன்மாதிரிக் கட்டுரையில் எந்தக் கப்பலும் தன்மீது ஏற்றப்பட்ட ஆட்கள் விரும்பி ஏறினார்களா என்று சொல்வதில்லை. இதில் சொல்லியாக வேண்டும்.

நாமூர் 1833இல் உடைக்கப்பட்டது. அதன் சட்டங்கள் என்னவாயின என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1995இல் சாத்தம் நகரத்துப் பழைய கப்பற்கூடத்தில் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது, அடுக்கடுக்காகப் புதைந்திருந்த கப்பற்சட்டங்கள் வெளிப்பட்டன. அவை நாமூரின் சட்டங்களே என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இன்று அங்கே சென்றால் அவற்றைப் பார்க்கலாம். அவை கிடந்த கட்டடம் அக்காலத்தில் வண்டிச் சக்கரம் செய்யும் பட்டறையாக இருந்தது.